ஐம்பத்தெட்டு டிகிரி

திரையின் மூலையில் ஐம்பத்தெட்டு என்ற எண் விழுந்த அதே நொடியில் லைல் காணாமல் போனான்.

அதுவரை இருவரும் உறைந்த ஏரியின் மேல் போட்ட மரக் கொட்டகைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பனியில் குடைந்த ஓட்டைக்குள் தூண்டிலைத் தொங்கவிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரி, கொட்டகை, மீன் எல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள். நிஜத்தில் ஆர்டிஸ் அமெரிக்காவின் டுலூத் நகரில் தன் வீட்டு மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் லைல் இரும்புத் தாது ஏற்றிப் போகும் கப்பலில் இன்ஜின் அறைக்காரன். அவன் தன் லேப்டாப்போடு சுப்பீரியர் ஏரியின் நடுவில் எங்கோ மிதந்துகொண்டிருந்தான்.

"இந்தக் குளிர்காலத்துக்கு, லைல்..." என்று ஆர்டிஸ் ஆரம்பித்திருந்தாள். பக்கத்து முக்காலி காலி. உங்கள் கூட்டாளி தொடர்பில் இல்லை என்று திரை சொன்னது. அவன் விட்டுப்போன தூண்டிலை ஒரு மீன் இழுத்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் போனுக்குச் செய்தி வந்தது. கட்டாகிவிட்டதாம். கப்பலில் இன்டர்நெட் நன்றாகத்தான் இருக்கிறதாம், பசங்களெல்லாம் தடங்கல் இல்லாமல் ஹாக்கி பார்க்கிறார்களாம். "உன் மெஷின் சூடாயிருக்குமோ?" என்று கடைசியில் கேட்டிருந்தான்.

இன்ஜின் அறையில் காலம் தள்ளுகிறவன் அப்படித்தான் கேட்பான். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் எது கெட்டாலும் காரணம் சூடுதான். ஒரு தடவை அவர்கள் தெருவில் ஒரு ஜோடி விவாகரத்து செய்துகொண்டபோதுகூட, அந்த வீட்டில் ஹீட்டரை ரொம்ப ஏற்றி வைத்திருந்தார்கள் என்றுதான் சொன்னான்.

ஆனால் ஆர்டிஸுக்குச் சுருக்கென்றது. அந்தக் கம்ப்யூட்டர் அவளே பாகம் பாகமாக வாங்கி, சாப்பாட்டு மேசையில் பரப்பி, தன் கையால் கட்டியது. மார்ச் கடைசியில் கப்பல்கள் கிளம்பியதும் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். சென்ற வசந்தத்தில் அந்த வெறுமை தாங்காமல்தான், டிரைவிங் லைசென்ஸ் அலுவலகக் கவுன்டரில் பகல் முழுக்க ஜனங்களின் கண்பார்வையைச் சோதிக்கும் ஐம்பத்து நான்கு வயதுப் பெண், ராத்திரி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாள். முதல் தடவை ஸ்விட்சைப் போட்டதும் உயிர் வந்தது. அன்றைக்கு அவள் சமையலறையில் தனியாக ஒரு ஆட்டம் போட்டதைக் கீழ் வீட்டு நாத்தனார் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

இப்போது உள்ளே எல்லாப் பாகத்தின் சூட்டையும் வரிசையாகப் பார்த்தாள். பிராசஸர் சரி, கிராபிக்ஸ் கார்டு சரி. மெமரி மட்டும் ஐம்பத்தெட்டு. ஊதா விளக்கு எரிகிறதே என்று ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு மெமரிப் பட்டைகள்தான் வில்லன் என்று முடிவு கட்டினாள்.

போனில் பேசிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். லைல் போனில் பேசுவதை ஒரு தடவை கேட்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். "ம்." "சரி." "அப்ப வைக்கட்டா?" இவ்வளவுதான் அவனுடைய போன் மொழி. அந்தப் பக்கத்து ஆண்களே முகத்துக்கு நேரே பேசுகிற ஜாதி இல்லை. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, கையில் தூண்டிலும் இருந்தால்தான் வாய் திறக்கும். லைல் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதும் ஓர் ஐஸ் கொட்டகைக்குள்தான், ஓட்டையைப் பார்த்துக்கொண்டுதான். ஓட்டைக்குள் இருக்கும் மீனைக் கேட்கிறானா தன்னைக் கேட்கிறானா என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதிய மீன்பிடி. அதில் அவன் பேசினான். அலையைப் பற்றி, பெவ் என்ற கப்பல் சமையல்காரியின் மீட்லோஃப் என்ற கொத்துக்கறி கேக் பற்றி, முட்டி வலி பற்றி. ஆர்டிஸ் வாரம் முழுக்க அந்த ஒரு மதியத்துக்காகவே உயிரோடு இருந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

இந்த வருஷம் அவளிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைல், ஜனவரியிலிருந்து மார்ச் வரை கப்பலை விஸ்கான்சினில் ஒரு துறைமுகத்தில் கட்டிப்போட்டு இன்ஜினைப் பிரிக்கப் போகிறார்கள், தன்னையும் அங்கே வேலைக்கு இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றான். அந்த மூன்று மாதம்தான் அவன் வீட்டில் இருக்கிற மூன்று மாதம். "நீ என்ன நினைக்கிற?" என்று ஓட்டையைப் பார்த்துக் கேட்டான்.

வேண்டாம் என்று மனசு கத்தியது. வாய், "நல்ல வேலைதான். உனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்" என்றது.

மினசோட்டாவில் பிறந்து வளர்ந்த வாய் வேறு எதைச் சொல்லும்? அங்கே ஒரு துண்டு கேக் வேண்டுமா என்று கேட்டால்கூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவைதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டை யாரும் தொட மாட்டார்கள். அதைப் பாதியாக வெட்டி, பாதியைப் பாதியாக வெட்டி, கடைசியில் பொடியாக்கிக் குப்பையில் போடுவார்கள். லைல் இன்னும் இரண்டு தடவை கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள். அவனும் அதே ஊர்க்காரன்தான், ஆனால் அன்றைக்கு ஒரு தடவையோடு நிறுத்திவிட்டு, "சரி" என்று தூண்டிலை இழுத்துக்கொண்டான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நவம்பர் முடிவதற்குள் கம்பெனிக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்று அவன் அன்று சொன்னது ஆர்டிஸின் காதில் மணி மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் அவள் சொல்ல வேண்டியது ஒரு வரி. வேணாம், வீட்டுக்கு வா. அந்த வரி தொண்டையிலிருந்து கிளம்பி நாக்குக்கு வர ஒரு மணி நேர மீன்பிடி தேவைப்பட்டது. ஒரு மணி நேரம் விளையாடினால் மெமரி சூடேறியது.

கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் கூடிப் பேசும் இணையத்தளத்தில் போய் விஷயத்தைச் சொன்னாள். மெமரிக்கு ஐம்பத்தெட்டு ஒன்றும் சூடே இல்லை, எண்பதைத் தாண்டினால் கவலைப்படுங்கள் என்று ஒருவர் எழுதினார். அவரை யாரும் மதிக்கவில்லை. அந்தத் தளத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பட்டினி போடுவதற்குச் சமம். மீதிப் பேரெல்லாம் ஒரே குரலில், ஃபேன் ஒன்று வாங்கி மெமரிக்கு நேரே வையுங்கள் என்றார்கள்.

வாங்கினாள். உள்ளங்கை அகல ஃபேன். பிளாஸ்டிக் பட்டியால் இழுத்துக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை லைல் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "அங்க என்ன புயலா?"

"ஃபேன். மெமரிக்கு வச்சிருக்கேன்."

"என்ன?"

"மெமரிக்கு!"

இப்படிக் கத்திக்கொண்டே எப்படி வீட்டுக்கு வா என்று சொல்வது? கத்திச் சொல்கிற வார்த்தையா அது? ஃபேன் வேகத்தைக் குறைத்தாள். சத்தம் அடங்கியது. மூலையில் எண் அறுபத்தொன்று என்று காட்டியது. அந்த ஃபேன் கிராபிக்ஸ் கார்டின் அனல் காற்றை அள்ளி நேராக மெமரி மேலேயே ஊதிக்கொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

இருந்தாலும் துணிந்து, "லைல், நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

முக்காலி காலி.

"மறுபடி சூடா?" என்று செய்தி வந்தது. அறுபத்தொன்று என்று பதில் போட்டாள். "அடடா" என்று அனுப்பினான். எவ்வளவு அக்கறை என்று அவளுக்குக் கண் கலங்கியது.

அடுத்த வாரம் ஃபேனைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரின் பக்கக் கண்ணாடியைத் திறந்து போட்டாள். போதவில்லை. அறையே குளிர்ந்தால் மெமரியும் குளிரும் என்று கணக்குப் போட்டு, சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டில் கை வைத்தாள்.

அது லேசான விஷயமில்லை. அந்த வீட்டில் அறுபத்தாறு ஃபாரன்ஹீட் என்பது லைல் போட்ட சட்டம். வீட்டில் இருக்கிற நாட்களில் அவன் அந்தச் சுவர்ப் பக்கம் போகிறவர்களையே முறைப்பான். அவன் முறைப்பதற்கு இல்லாத வீட்டில் அந்த எண்ணைக் கீழே இறக்கும்போது ஆர்டிஸுக்கு அழுகைதான் வந்தது. வாசலில் கழற்றிப் போட்டு அவள் தடுக்கி விழுகிற அவன் பூட்ஸ், பனியை வாரி அவள் கார் மேலேயே குவித்துவைக்கும் அவன் சாமர்த்தியம், அடுத்த அறை வரை கேட்கும் குறட்டை எல்லாம் அவளுக்கு வேண்டியிருந்தது. மூன்று மாதம்தானே கேட்கிறேன் என்று தெர்மோஸ்டாட்டிடம் சொன்னாள்.

மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே ஹீட்டர். கீழே இருந்தது லைலின் அக்கா வெர்னா. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி, முதுகுக்குப் பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்று திரும்பாமலே கண்டுபிடிக்கிறவள். தடித்த கோட்டும் குல்லாவுமாக மாடியேறி வந்து நின்றாள்.

"ஹீட்டர் செத்துடுச்சா?"

"இல்ல வெர்னா. கொஞ்சம் குறைச்சு வச்சிருக்கேன்."

வெர்னா திரையை எட்டிப் பார்த்தாள். "கொஞ்சமா? இதோ ஐம்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. அதான் எனக்குப் பல்லு கிட்டுது."

"அது வீடு இல்ல. மெமரி. செல்சியஸ்."

"உன் மெமரி எப்படியோ போகட்டும். இங்க மனுஷங்க இருக்கோம்."

சொல்லிவிட்டுச் சாதுவாக இறங்கிப் போனாள். சாதுவாகப் போனதுதான் ஆபத்து என்று ஆர்டிஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே போன வெர்னா இரண்டு மின்சார ஹீட்டரைப் போட்டு, கேக் சுடும் மின்சார அடுப்பையும் போட்டு அதன் கதவைத் திறந்துவைத்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மேலே மீன்பிடி ஜோராக நடந்தது. எண் மெல்ல ஐம்பதுக்கு இறங்கியிருந்தது. ஆர்டிஸ் மூச்சை இழுத்துத் தயாரானபோது, அதிசயமாக லைலே தொண்டையைச் செருமினான். "ஆர்டிஸ், அந்தக் குளிர்கால வேலை விஷயமா நான்..."

டப். திரையும் விளக்கும் அணைந்தன. ஃபியூஸ் போய்விட்டது.

ஃபியூஸ் பெட்டி இருந்த கீழறைக்கு அவள் ஓடி இறங்கி, எல்லாவற்றையும் சரிசெய்து, வெர்னாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மேலே வருவதற்குள் போனில் செய்தி காத்திருந்தது. "போயிட்டியா?" என்று ஒரே வார்த்தை. கரண்ட் போய்விட்டது என்று எழுதினாள். என்ன சொல்ல வந்தாய் என்றும் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தது. பெயர் கொடுத்துவிட்டான் என்பதைத்தான் சொல்ல வந்திருப்பான் என்று அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாளோடு நவம்பர் முடிகிறது. இந்தத் தடவை எதுவும் தப்பாகக் கூடாது என்று, கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டுபோய் ஹீட்டர் இல்லாத பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தாள். வயர்களை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே இழுத்து, இடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்தாள். வெளியே பனி கொட்டியது. உள்ளே அவள் கோட்டும் கையுறையுமாக உட்கார்ந்தாள். வெர்னா சமாதானத்துக்கு அடையாளமாக ஒரு பெரிய பானை காட்டரிசி சூப்பைக் கொண்டுவந்து, மாடிச் சமையலறை அடுப்பிலேயே கொதிக்கவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். சூப் ஒரு சாக்கு. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்திருந்தது.

மெமரி பத்தொன்பது டிகிரி. ஒரு மணி நேரம் போயிற்று. அப்போதும் பத்தொன்பது. லைல் பெரிய மீன் ஒன்றைப் பிடித்து அவளிடம் காட்டினான். கொட்டகைக்குள் அமைதியாக இருந்தது. அவன் மூச்சு விடுவதுகூட அவள் காதுக்குள் கேட்டது.

"லைல், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. முக்காலி காலி.

ஆர்டிஸ் மூலையைப் பார்த்தாள். பத்தொன்பது. மறுபடி பார்த்தாள். பத்தொன்பதுதான். "சூடா?" என்று செய்தி வந்தது. பத்தொன்பதுதான் இருக்கிறது லைல் என்று எழுதினாள்.

அவன் எழுதுவதும் அழிப்பதுமாகப் புள்ளிகள் வெகுநேரம் துடித்தன. கடைசியில், "அப்ப ரொம்பக் குளிர்ந்து போச்சோ என்னமோ" என்று வந்தது. அதன் பின்னாலேயே, "உள்ள கொண்டு வந்து போடு. நான் வெயிட் பண்றேன்" என்றும் வந்தது.

இன்ஜினோடு குடும்பம் நடத்துகிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தாழ்வாரத்துக்கு ஓடினாள். குளிரில் இருந்த மெஷினை உள்ளே கொண்டுவந்தால் பல மணி நேரம் சும்மா வைத்திருந்துவிட்டுத்தான் ஸ்விட்ச் போட வேண்டும் என்பது கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களின் அரிச்சுவடி. அவளே அதைப் புதியவர்கள் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஆனால் அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை போகாது. ஆவி பறக்கும் சமையலறை மேசையில், சூப் பானைக்குப் பக்கத்திலேயே வைத்து பிளக்கைச் சொருகினாள். கண்ணாடியில் வியர்த்த மாதிரி நீர் கோர்த்ததை வெர்னாதான் முதலில் கவனித்தாள்.

"இது அழுவுது பாரு, ஆர்டிஸ்" என்றாள்.

ஊதா விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. தீய்ந்த வாசனை வந்தது. அவ்வளவுதான், அவள் கையால் உயிர் கொடுத்தது அவள் கையாலேயே போய்ச் சேர்ந்தது.

ஆர்டிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளைக்குக் குளிர்கால வேலைக்கான பெயர்ப் பட்டியல் கம்பெனிக்குப் போய்விடும். ஜனவரி வரும், பிப்ரவரி வரும், வாசலில் பூட்ஸ் இருக்காது. வெர்னா கரண்டியை நிறுத்தி, "போன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்களே" என்று சூப்பிடம் சொன்னாள்.

போட்டாள். மணி வெகுநேரம் அடித்து, ஒரு பெண் குரல் எடுத்தது. "லைல் போன். நான் சமையல்கார பெவ் பேசறேன். போன் இங்க சார்ஜுல கிடக்கு."

"நான் ஆர்டிஸ். அவன் எங்க?"

"சாப்பாட்டு ரூம்ல லேப்டாப் முன்னாடி. தனியா உக்காந்து தூண்டில் போட்டுட்டு இருக்கான். பாவம், மீன்கூட வரல. கூப்பிடட்டா?"

"வேணாம் பெவ். கூப்பிட்டா ம்னு சொல்லிட்டு வச்சிடுவான்." ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். வெர்னா பக்கத்தில் இருப்பதையும், மினசோட்டாவில் பிறந்ததையும் மறந்தாள். "நீயே சொல்லிடு. அந்தக் குளிர்கால வேலை வேணாம்னு சொல்லு. நல்ல வேலைதான்னு நான் சொன்னது பொய்னு சொல்லு. அவன் இல்லாம என்னால இந்த வீட்டுல இன்னொரு குளிர்காலம் இருக்க முடியாது, வீட்டுக்கு வரச் சொல்லு. மூணு மாசமா இதச் சொல்லத்தான் பாக்கறேன். வாயெடுத்தா மெமரி சூடாகிக் கட்டாயிடுது. இப்ப மெஷினும் போச்சு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்த மெமரிம்மா? அந்த வேலைய அவன் செப்டம்பர்லயே வேணாம்னுட்டான். நீ எங்க 'அங்கேயே இருந்துடு'ன்னு சொல்லிடப் போறியோன்னு பயந்து, நீ பேச்ச எடுத்த உடனே அவனே லேப்டாப்ப மூடிட்டு என் கிச்சனுக்கு வந்து உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பிச்சிடுவான்."